வளைகுடாவில் வால்ரஸ்

மெக்சிகோ வளைகுடாவில் வால்ரஸ் கிடையாது. அது ஆர்க்டிக் பனிக்கடலின் விலங்கு. ஆனாலும், அந்த வளைகுடாவில் எண்ணெய் கசிந்தால் என்ன செய்வது என்ற தன் திட்டத்தில், காக்கவேண்டிய உயிரினங்களின் பட்டியலில் வால்ரஸையும் சேர்த்திருந்தது பிபி எண்ணெய் நிறுவனம். அதில் ஆலோசனை கேட்கவேண்டியவர்களாகக் குறித்திருந்த நிபுணர்களில் ஒருவர், அப்போதே இறந்து நாலு வருடம் ஆகியிருந்தவர். 2009இல் இந்தத் திட்டத்துக்கு அமெரிக்க அரசு ஒப்புதலும் தந்தது. படித்துப் பார்த்தா கையெழுத்துப் போட்டார்கள்?

2010 ஏப்ரல் 20 அன்று அதே வளைகுடாவில் பிபிக்காக எண்ணெய்க் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் மாண்டார்கள். கிணற்றை அடக்க 87 நாள் ஆனது. கம்பெனியைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும். என் கோபம் ஒப்புதல் தந்த அலுவலகத்தின் மேல்தான். கனிம மேலாண்மைத் துறை என்ற அந்த ஒரே அமைப்புதான் கடலைக் குத்தகைக்கு விட்டது, ராயல்டி வசூலித்தது, பாதுகாப்பையும் சோதித்தது. வசூல் பிரிவின் ஊழியர்கள் சிலர் எண்ணெய்க் கம்பெனிகளிடம் பரிசும் விருந்தும் பெற்றதை 2008லேயே அரசின் விசாரணை அறிக்கை அம்பலப்படுத்தியிருந்தது. வருமானம் கொட்டுகிற கிணற்றை மூடச் சொல்ல இவர்களுக்கு மனம் வருமா?

இத்தனைக்கும் பாடம் முன்பே இருந்தது. 1988இல் வடகடலின் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்தபின், கடல்மேடைப் பாதுகாப்பை எரிசக்தித் துறையிடமிருந்து பறித்துத் தனி அமைப்பிடம் கொடுத்தது பிரிட்டன். அமெரிக்கா தன் கனிம மேலாண்மைத் துறையை மூன்றாகப் பிரித்து முடித்தது 2011இல்தான்.