ரிசப்ஷன் மேஜைக்கு அடியில ஒரு லேப் இருக்கு

குற்றாலம் லாட்ஜ்ல ரூம் போட்டிருக்கீங்கன்னா, கட்டில் பக்கத்துல ஒரு போனைப் பார்த்திருப்பீங்க. மேல ஒரு ஸ்டிக்கர்: ரிசப்ஷனுக்கு 9, வெளி லைனுக்கு 0. ரெண்டு டீ சொல்றதுக்கு மேல அதைப் பத்தி யாரும் யோசிக்கிறதில்லை.

அந்த போன்ல இருந்து கிளம்புற ரெண்டு வயர், ரிசப்ஷன் மேஜைக்கு அடியிலயோ மாடிப்படிக்குக் கீழயோ இருக்கிற ஒரு பெட்டியில போய் முடியும். அதுதான் ஈபிஏபிஎக்ஸ். 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன்னா அதுக்கு '308'னு பேரு. இப்போ எல்லார் கையிலயும் செல்போன். லாட்ஜைப் புதுப்பிக்கும்போது இந்தப் பெட்டி கிலோ கணக்குல பழைய இரும்புக் கடைக்குப் போயிடுது. அங்க செம்புக்காகப் பிரிச்சுப் போட்டுடுவாங்க. என்னைக் கேட்டா, அது போக வேண்டியது தென்காசியைச் சுத்தி இருக்கிற இஞ்சினியரிங் பசங்க வீட்டுக்கு.

பழசு மேல உள்ள ஆசையில இதைச் சொல்லலை. டயல் போனை ஓட்டை போட்டு டேபிள் லேம்ப் ஆக்குறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். ஓடாத போன் ஒரு பொம்மை. ஓடணும், மணி அடிக்கணும்.

அமெரிக்காவில இதை ஒரு பொழுதுபோக்காவே வெச்சிருக்காங்க. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோட 1ஏ2ன்னு ஒரு பழைய சிஸ்டம். ஒரே போன்ல 6 பட்டன். 5 வெளி லைன், ஒரு ஹோல்டு. எந்த லைன் பிஸி, எது ஹோல்டுல இருக்குன்னு பட்டன் விளக்கு எரியிற விதத்தை வெச்சே வீட்ல உள்ள அத்தனை போன்லயும் தெரியும். உள்ளே மைக்ரோபிராசசரே கிடையாது, ரிலேதான். அதனால ஒவ்வொரு போனுக்கும் 25 ஜோடி வயர் இழுக்கணும்! இப்படி வீட்ல எக்ஸ்சேஞ்ச் வெச்சிருக்கிறவங்க, ஆஸ்டெரிஸ்க் சாஃப்ட்வேர் மூலமா இன்டர்நெட் வழியா தங்களுக்குள்ள ஒரு தனி டெலிபோன் நெட்வொர்க்கே நடத்துறாங்க.

1ஏ2 நம்ம ஊர்ப் பக்கம் கிடைக்காது. நமக்குக் கிடைக்கிறது வேற. 1984-ல சி-டாட் தொடங்கினப்போ கொடுத்த வாக்கு 36 மாசம், 36 கோடி ரூபாய். முதல்ல 128 போர்ட் பிஏபிஎக்ஸ் ஒண்ணை வடிவமைச்சு, அந்த டெக்னாலஜியை இந்தியக் கம்பெனிகளுக்குக் கொடுத்தாங்க. அதே அடிப்படையில வந்த கிராம எக்ஸ்சேஞ்ச்தான் ராக்ஸ். ஏசி இல்லாமலே வெயில்லயும் தூசியிலயும் ஓடணும்னு செஞ்சது. முதல் ராக்ஸ் 1986-ல கர்நாடகாவில உள்ள கித்தூர்ல வந்தது. அந்தத் தலைமுறையோட சின்னத் தம்பிகள்தான் லாட்ஜ்ல தூங்குற பெட்டிகள்.

சரி, வீட்டுக்குக் கொண்டு வந்தா என்ன கிடைக்கும்? முதல்ல கண்ணால பார்க்கிற சர்க்யூட். ரிசீவரை எடுத்ததும் லூப் மூடும், கரண்ட் ஓடும், பெட்டி அதைக் கவனிச்சு டயல் டோன் கொடுக்கும். நம்ம நாட்டு டயல் டோன் 400 ஹெர்ட்ஸ். அதை 25 ஹெர்ட்ஸால மாடுலேட் செஞ்சிருப்பாங்க. அந்த 'கர்ர்ர்' சத்தத்துக்குக் காரணம் அதுதான். எதிர்முனையில மணி அடிக்கும்போது நமக்குக் கேட்கிற தாளம்: 0.4 வினாடி ஒலி, 0.2 மௌனம், மறுபடி 0.4 ஒலி, அப்புறம் 2 வினாடி மௌனம். மொபைல்ல ஆஸிலோஸ்கோப் ஆப் போட்டுப் பாருங்க, அப்படியே தெரியும். கம்யூனிகேஷன் பேப்பர்ல மாடுலேஷனை எத்தனை பேர் காதால கேட்டிருக்கோம்?

பழைய டயல் போனை மாட்டினா இன்னும் ஜாலி. 5-ஐச் சுத்தினா லூப் 5 தடவை அறுபடும், 0-க்கு 10 தடவை. வேகம் வினாடிக்கு சுமார் 10. அதனாலதான் அந்தக் காலத்துல டயலுக்குப் பூட்டு போட்ட வீட்லயும், ரிசீவர் வைக்கிற பட்டனைத் தட்டித் தட்டியே நம்பர் போட்டாங்க. (திருட்டு கால்தான். ஆனா தட்டின கை பல்ஸ் டயலிங்கை முழுசாப் புரிஞ்சுக்கிட்ட கை.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது எர்லாங் கணக்கு. ஒரு லாட்ஜ்ல மணிக்கு 10 வெளி கால், ஒவ்வொண்ணும் சராசரி 3 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 30 நிமிஷம், அதாவது 0.5 எர்லாங். ஒரே வெளி லைன் இருந்தா மூணுல ஒருத்தருக்கு பிஸி டோன்தான். ரெண்டு லைன் போட்டா அது சுமார் 8 சதவீதம். மூணு லைன் போட்டா 1 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. சீசனுக்கு எத்தனை லைன் வேணும்னு தீர்மானிக்கிற கணக்கு இது. டென்மார்க்காரர் எர்லாங் நூறு வருஷத்துக்கு முன்னாடி டெலிபோனுக்காகப் போட்டதைத்தான் நாம கால் சென்டருக்கும் போடுறோம். 308-ஐ வீட்ல வெச்சு, நாலு நண்பர்களை ஆளுக்கொரு ரூம்ல உட்கார வெச்சு, பிஸி எத்தனை தடவை விழுதுன்னு எண்ணிப் பாருங்க. பரீட்சைக்கு அந்த ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணவே வேண்டாம்.

"எதுக்குல இந்த ஓட்டைப் பெட்டி, வேலை கிடைக்குமா?"ன்னு வீட்ல கேட்பாங்க. நியாயமான கேள்விதான். மத்தளம்பாறையில ஜோஹோ இருக்கிற ஊர்ல எல்லாரும் கோடிங் பக்கம் போறது தப்பில்லை. ஈபிஏபிஎக்ஸ் தெரியும்னு சொன்னதால யாரும் ஆஃபர் லெட்டர் தரப் போறதில்லை. ஆனா கால் வருது, மணி அடிக்குது, எடுத்தாச்சு, ஹோல்டு, கட்டுன்னு அந்தப் பெட்டி செய்யிறது முழுக்க ஸ்டேட் மெஷின். புத்தகத்துல வட்டம் போட்டு அம்பு போட்டுப் படிச்சது, கையில மணி அடிக்கும்போது வேற மாதிரி புரியுது.

வெளி லைனுக்காக காப்பர் கேபிளைத் தேடி அலைய வேண்டாம். ஃபைபர் மோடத்துல போன்னு எழுதின ஒரு சாக்கெட் இருக்கும், அங்க இருந்து எடுக்கலாம். இல்லன்னா ராஸ்பெரி பை-ல ஆஸ்டெரிஸ்க் போட்டு ஏடிஏ வழியா இணைக்கலாம். டயல் போனை நேரா ஏடிஏ-ல மாட்டுறதா இருந்தா, அது பல்ஸ் எடுக்குமான்னு வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. பல மாடல் எடுக்காது.

ரெண்டு எச்சரிக்கை. மணி அடிக்கும்போது அந்த ரெண்டு வயர்ல சுமார் 75 வோல்ட் ஏசி இருக்கும், ஈரக் கையோட தொட்டா உதறிடும். இடி இடிக்கிறப்போ எல்லாத்தையும் கழட்டி வைங்க. அப்புறம் நம்ம சாரல்: அருவிப் பக்கம் இருந்த பெட்டின்னா கனெக்டர் பச்சை பிடிச்சிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, பூச்சு போயிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும்.

கடைசியா, பெட்டி மட்டும் கிடைச்சா பிரயோஜனம் கம்மி. ரிசப்ஷன்ல இருந்த பெரிய பட்டன் போன், புரோகிராமிங் புத்தகம், மூடிக்கு உள்பக்கம் யாரோ பேனாவால எழுதி ஒட்டின ரூம் நம்பர் அட்டை, எல்லாம் சேர்ந்தாத்தான் அது சிஸ்டம். இரும்புக் கடைக்குப் போனதும் முதல்ல தொலையிறது இந்தப் பேப்பருங்கதான். புரோகிராம் போட்ட டெக்னீஷியன் இன்னும் ஊர்லயே இருந்தா அவர் நம்பரையும் வாங்கிடுங்க. ஜூன்ல சீசன் தொடங்கிட்டா லாட்ஜ்காரங்களுக்குப் பேச நேரம் இருக்காது. ஏப்ரல், மே மாசத்துலயே போய்க் கேளுங்க.