வலிப்பு நோயை வளர்ப்பது யார்?

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் நம் ஊரில் முதலில் கேட்கும் குரல், "யாராவது சாவி குடுங்கப்பா!" என்பதுதான். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நிற்கும். சாவிதான் நிறுத்தியது என்று கூட்டமும் கலைந்துவிடும். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும் என்பதே உண்மை. செய்ய வேண்டியது, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் நேரத்தைக் கவனிப்பதும்தான். வாயில் எதையும் வைக்கக் கூடாது. 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

சரி, இந்த நோய் யாருக்கு வருகிறது? பரம்பரை வியாதி, சாபம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சில வகைகளில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. பிரசவத்தின்போது குழந்தைக்கு மூச்சுத்திணறல், மூளைக்காய்ச்சல், தலையில் பலத்த அடி, வயதானவர்களுக்குப் பக்கவாதம் என்று மூளையைக் காயப்படுத்தும் எதுவும் பிற்காலத்தில் வலிப்பைக் கொண்டு வரலாம். அடிபட்டு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வரும். ஹெல்மெட்டை பைக் டேங்க் மேல் வைத்துக்கொண்டு ஓட்டும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

இன்னொரு காரணம் நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டவர் குடலில் அந்தப் புழு வளரும். அதன் முட்டைகள் அவருடைய மலம் வழியாகத் தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து அடுத்தவர் வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்கும். அதனால் சுத்த சைவர்களுக்கும் இது வருகிறது. இங்கே தேவைப்படுவது கழிப்பறையும் சோப்பும். வலிப்பு நோயாளிகளில் கால்வாசிப் பேர் வரை வராமலேயே தடுத்திருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதே சமயம், பாதிப் பேருக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை.

வந்த பிறகு எப்படிப் போகும்? ஒரு தடவை வலிப்பு வந்தாலே இந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது. குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பு பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். இந்த நோய் என்று உறுதியானவர்களிலும் சுமார் 70 சதவீதம் பேர், சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பே வராமல் வாழ முடியும். இரண்டு வருடம் போல வராமல் இருந்தால், மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டரே யோசிப்பார். மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு ஆபரேஷன் உதவும்.

பிரச்சினை எங்கே என்றால், நாமாக மாத்திரையை நிறுத்துவதில். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பரீட்சைக்காக ராத்திரி முழுக்கக் கண் விழிப்பதும் குடிப்பதும்கூட இந்த நோய் உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டும்.

ஏன் நிறுத்துகிறார்கள்? பல வீடுகளில் காரணம் கல்யாணம். வலிப்பு இருந்தால் திருமணம் செல்லாது என்று வாதாட இந்து திருமணச் சட்டத்திலேயே முன்பு இடம் இருந்தது. 1999ல் அதை நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறி இத்தனை வருடம் ஆகியும் நம் மனசு மாறவில்லை. பெண்ணுக்கு வலிப்பு என்பதை மறைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அவள் மாத்திரையை விட்டுவிடுகிறாள். நோய் முற்றுகிறது. பிறகு "ஏமாத்திட்டாங்க" என்று பஞ்சாயத்து.

என்னைக் கேட்டால், இந்த நோயை மூளையை விட அதிகமாக வளர்ப்பது நம்முடைய வெட்கம்தான். சர்க்கரைக்கு மாத்திரை போடுவதைப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறோம். வலிப்பு மாத்திரையை மட்டும் ஏன் ஒளித்துப் போட வேண்டும்? பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருந்தால்தானே ஆபத்து நேரத்தில் உதவ முடியும்?