பனி பார்க்கப் போகிறவர்களும் பட்டியலில் இல்லாதவர்களும்



திருவருகைக் காலம் தொடங்கி, குடில் கட்டுவதற்கு மூங்கில் வெட்டப் பிள்ளைகள் கிளம்பும் நாளிலேயே பங்குத்தந்தையிடம் இன்னொரு கேள்வியும் வந்துவிடும்: "சாமி, இந்த வருஷம் டூர் எங்கே?" அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறப்பதற்குள் இருக்கும் சில நாள்களில் கிறிஸ்மஸ் பெருவிழாவும் வருகிறது, பங்குச் சுற்றுலாவும் வருகிறது. இளையோர், பாடகர் குழு, பீடச்சிறார், அன்பியக் குடும்பங்கள் எல்லாரும் ஒரே வேனில். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஊட்டி. "பனி பார்க்கலாம் சாமி" என்பார்கள்.

வெயிலுக்குப் பேர்போன தருமபுரிக்காரர்களுக்குப் பனி மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. தமிழில் 'பனி' என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் பல இருக்கின்றன. மார்கழிக் காலையில் நம் அவரைப் பந்தலில் சொட்டுவது பனித்துளி. தொப்பூர்க் கணவாயில் வண்டியின் கண்ணாடியை மறைப்பது பனிமூட்டம். காஷ்மீரிலும் மணாலியிலும் பஞ்சு போல் விழுவது பனிப்பொழிவு. ஊட்டியில் நாம் பார்ப்பது இவை எதுவும் அல்ல, அது உறைபனி. மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, அதனால் பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. அங்கே புல்லின் மேலும் இலையின் மேலும் காற்றிலுள்ள ஈரம் வெண்படலமாக உறைந்து நிற்கிறது. தலைக்குந்தா, காந்தல் பக்கமெல்லாம் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளி உப்பு தூவியது போல் இருக்கும். காந்தல் குருசடித் திருத்தலத்துக்குப் போய்ச் செபித்துவிட்டு அதைப் பார்த்து வந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

ஆனால் இந்தப் பயணம் முன்பு போல் இப்போது இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்றானது. முதலில் கோடைக்கு மட்டும் என்று தொடங்கியது பிறகு நீட்டிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை இன்னும் ஒரு படி மேலே போய், நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இந்த மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது.

நம்மவர்களுக்கு இதில் எரிச்சல். "மலையைப் பார்க்கக்கூட அனுமதிச் சீட்டா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கோபப்பட்டார். நான் அவருக்கு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கைச் சொன்னேன். நெரிசல் காலத்தில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 11,509 கார்கள், 1,341 வேன்கள், 637 பேருந்துகள், 6,524 இருசக்கர வண்டிகள். மொத்தம் 20,011. அந்த 1,341 வேன்களில் ஏதோ ஒரு பங்கின் வேனும் இருந்திருக்கும், மாதா படமும் மைக் செட்டும் வைத்துக்கொண்டு. இத்தனையும் ஏறி இறங்குவது ஓரிரு கொண்டை ஊசிச் சாலைகளில். ஒரு மலைவாழ் தாய்க்குப் பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் கீழே இறங்க வேண்டியதும் அதே சாலையில்தான்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்பவர்கள் நாம் மட்டுமல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் இ-பாஸை எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். விடுதியில் பாத்திரம் தேய்ப்பவர், வர்க்கி விற்பவர், ஜீப் ஓட்டுபவர் எல்லாரும் வருகிறவர்களை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். ஆகவே "மலைக்கே போகாதீர்கள்" என்பது எளிதான பதில், ஆனால் சரியான பதில் அல்ல. ஆயினும் இந்த உத்தரவு நல்லது என்றே நான் நினைக்கிறேன். முதல் முறையாக யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நாம் எண்ணியதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, நானே ஒரு டிசம்பரில் ஐம்பது பேரை அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போனேன். விடியற்காலை சாலையோரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பேருந்தை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். உறைபனியைச் சுரண்டி எடுத்து ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன், பொய் சொல்லக் கூடாது. தோட்டத்துப் பக்கமிருந்து சால்வை போர்த்திய ஓர் அம்மா வந்தார். கழுத்தில் செபமாலையைப் பார்த்துவிட்டு, "சாமிங்களா?" என்று கேட்டார். பிறகு, "உங்க புள்ளைங்களுக்கு விளையாட்டு சாமி. எங்களுக்கு இது கருகின கொழுந்து. இனி எத்தனை நாளைக்குக் கொழுந்து பறிக்கக் கூப்பிட மாட்டாங்களோ" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. வெயில் ஏறியதும் உறைபனி பட்ட கொழுந்து கருகிவிடும். செடி மறுபடி துளிர்க்கும் வரை பறிப்பு இல்லை, கூலியும் இல்லை. அதற்காகத்தான் சிறு விவசாயிகள் மாலையிலேயே காய்ந்த செடிகொடிகளைப் போட்டுத் தேயிலையை மூடி வைக்கிறார்கள்; தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த அம்மாவின் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்களாம். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் கடந்து திரும்பியவர்களுக்காகத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கப்பட்டது. அங்கே இரண்டு தலைமுறை குளிரில் நின்று இலை பறித்தவர்கள் நம் பயணப் படங்கள் எதிலும் இல்லை. பனி மட்டும்தான் இருக்கிறது.

அந்தப் பயணத்தில் இன்னொருவரையும் நான் எண்ணவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று பங்குப் பேரவையில் தொகை நிர்ணயித்திருந்தோம். பீடச்சிறார் ஒருவன் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் வரவில்லை. "காய்ச்சல் சாமி" என்றார் அவன் அம்மா. திரும்பி வந்த மறுநாள் மந்திரிப்புக்காக அந்தத் தெருவுக்குப் போனேன். பையன் ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி ஒளிந்துகொண்டான். காய்ச்சல் எதுவும் இல்லை, பணம்தான் இல்லை. அவன் அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூரு போனவர், கிறிஸ்மசுக்கு வருவேன் என்று சொல்லி வர முடியாமல் போயிருந்தது. அடுத்த ஞாயிறு அவன் பூசைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பயணம் போன பிள்ளைகள் கோவில் வாசலிலேயே படங்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் வரவில்லை என்று பிறகு அறிந்தேன்.

நம் மறைமாவட்டத்தில், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும், இப்படிப்பட்ட வீடு இல்லாத பங்கு ஒன்றும் இருக்காது. பெங்களூரு, திருப்பூர், கேரளா என்று பிழைக்கப் போனவர்கள் வருடத்தில் சில நாள் பிள்ளையின் முகம் பார்ப்பதே இந்த விடுமுறையில்தான். கிறிஸ்மசை அடுத்த ஞாயிறு திருக்குடும்ப விழா. அன்று கோவிலில் பாதி இருக்கை காலி, குடும்பங்கள் சுற்றுலாவில் இருக்கும். குறை சொல்லவில்லை. குடும்பமாகச் சேர்ந்து இருப்பதும் அந்த விழாவின் பொருளுக்குள் அடங்கியதுதான். ஆனால் மீதிப் பாதி இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பீடத்திலிருந்து பார்க்கும்போது எனக்குத் தெரிகிறது.

பனிமலையும் நண்பர் கூட்டமும் ஆன்மீகத்துக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தானியேல் நூலில் தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர்கள் தங்கள் பாடலில் குளிரையும் உறைபனியையும்கூட ஆண்டவரைப் புகழ அழைக்கிறார்கள். ஞாயிறு காலைப் புகழில் நாங்கள் அதைச் செபிக்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இளம் குருவாக இருந்தபோது போலந்தில் மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு மலைக்கும் பனிச்சறுக்குக்கும் போனவர். குருக்கள் இளையோர் குழுக்களை நடத்த அன்றைய கம்யூனிச அரசு விடவில்லை என்பதால் அங்கி போடாமல் போவார். பிள்ளைகள் அவரை 'வூயெக்', அதாவது 'மாமா' என்று அழைத்தார்கள். திருத்தந்தையான பிறகும் 1984-இல் இத்தாலியின் அதமெல்லோ மலையில் சறுக்கினார்.

இந்தப் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவர் புனித பியர் ஜியார்ஜியோ ஃபிரசாத்தி. 2025 செப்டம்பர் 7 அன்று, புனித கார்லோ அக்குதிசுடன் சேர்த்துத் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். நம் இளையோருக்குக் கார்லோவைத் தெரிந்த அளவுக்கு இவரைத் தெரியவில்லை. 1901-இல் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை 'லா ஸ்தாம்பா' நாளிதழின் உரிமையாளர். மகனுக்கோ மலை என்றால் உயிர். நண்பர்கள், தோழிகள் என்று ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டு, அதற்கு வேடிக்கையாக 'தீப்பி லோஸ்கி' (நம் வழக்கில் 'சந்தேகப் பேர்வழிகள்' என்று சொல்லலாம்) என்று பெயரும் வைத்து, ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவார், பனியில் சறுக்குவார், வழியில் செபமாலை சொல்வார். அதே ஆள் வின்சென்ட் தே பால் சபை உறுப்பினராகத் தூரின் சேரிகளில் வீடு வீடாக ஏறி இறங்கினார். டிராம் காசை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வருவார். 24 வயதில், 1925 ஜூலை 4 அன்று, இளம்பிள்ளைவாதத்தால் இறந்தார். ஏழை நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில் தொற்றியிருக்கலாம் என்பார்கள். இறப்பதற்கு முன்னாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் ஒரு ஏழைக்கு மருந்து வாங்கித் தரும்படி நண்பருக்குக் குறிப்பு எழுதினார். அடக்கத்துக்குத் திரண்ட ஏழைகளின் கூட்டத்தைப் பார்த்துத்தான் அவர் வீட்டாருக்கே விஷயம் புரிந்தது. அவருக்கு மலைக்கு ஒரு நண்பர் பட்டியல், சேரிக்கு வேறு பட்டியல் என்று இருக்கவில்லை என்பதே என்னை ஈர்க்கிறது. மலையில் பெற்ற மூச்சைத்தான் அந்த மாடிப்படிகளில் செலவழித்தார்.

இப்போது சற்று வசதி வந்த நம் குடும்பங்கள் பெங்களூரிலிருந்து விமானமேறி உண்மையான பனிப்பொழிவைப் பார்க்கக் காஷ்மீர் வரை போகின்றன. 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் நடந்த கொடூரத்தில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சையது அதில் உசேன் ஷா என்பவரும் ஒருவர். சுற்றுலா வந்தவர்களைக் குதிரையில் ஏற்றிச் செல்லும் கூலித் தொழிலாளி. வந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார் என்று செய்திகள் கூறின. நம்மைச் சுமந்து செல்பவரின் பெயரை நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

வேன் ஓட்டுநரையும் அப்படித்தான் மறக்கிறோம். இரவு பதினொரு மணிக்குக் கிளம்பி, விடியலில் பனி பார்த்து, பகலெல்லாம் சுற்றி, மறுநாள் இரவே திரும்ப வேண்டும் என்று திட்டம் போடுகிறோம். அவர் எப்போது தூங்குவார்? தொப்பூர்க் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்த லாரி விபத்துகளில் உயிர்கள் போனதை நம் ஊர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை நாடே பார்த்தது. அதே நாள்களில் ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. டிசம்பர் நமக்கு விடுமுறை. மலைக்கும் ஓட்டுநருக்கும் அல்ல.

எங்கள் பங்கில் இந்த முறை பேரவைக் கூட்டத்தில் சில யோசனைகளை வைத்தேன். ஆள்கணக்கில் தொகை வேண்டாம். ஒரு பெட்டி வைப்போம், முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு என்று பொருளாளருக்கும் தெரிய வேண்டாம். ஊட்டிதான் என்றால் வார நாளில், ஓர் இரவு தங்கி, அரசுப் பேருந்தில் போவோம். அரசுப் பேருந்துக்கு இ-பாஸ் கேட்பதில்லை. அல்லது நம் காலடியில் இருக்கும் வத்தல்மலைக்குப் போவோம். காப்பியும் மிளகும் விளையும் மலை. மார்கழிக் குளிருக்கு அங்கேயும் கம்பளி வேண்டும். உறைபனி கிடைக்காது, அது உண்மைதான். தண்ணீர்க் குடுவையும் சாப்பாட்டுத் தட்டும் வீட்டிலிருந்து வரட்டும். சமையலுக்கு அம்மாக்கள் மட்டும் அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டாம். அன்பிய ஆண்களும் வெங்காயம் உரிக்கட்டும்.

கடைசி யோசனைக்குத்தான் அதிகச் சலசலப்பு. பெட்டி யோசனைக்கு ஓர் உறுப்பினர், "கொடுக்காதவங்களும் வந்துடுவாங்களே சாமி" என்றார். வரட்டும் என்றுதானே பெட்டி என்றேன். அரசுப் பேருந்தில் நாற்பது பேரை எப்படி ஏற்றுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. சேலம் வரை ஒரு வண்டி, அங்கிருந்து இரண்டு குழுக்களாக என்று இளையோர் ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாடகர் குழுவினர் இன்னும் வேனை விட மனமில்லாமல் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு மீண்டும் கூடுகிறோம். அதற்குள் ஒவ்வோர் அன்பியப் பொறுப்பாளரும் தம் தெருவில் சென்ற ஆண்டு வராதவர்களின் வீட்டுக்குப் போய், ஏன் வரவில்லை என்று கேட்காமல், இந்த ஆண்டு வருகிறீர்களா என்று மட்டும் கேட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன்.