ஏரிக்கு நடை ஒரு நாள்தான். லீவு எத்தனை நாள்? ஹேம்குண்ட் கணக்கு

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது ஹேம்குண்ட் ஏரி. கரையில் சீக்கியர்களின் குருத்வாரா, பக்கத்திலேயே லட்சுமணர் கோயில். காங்கரியா என்ற சிற்றூரிலிருந்து 6 கிலோமீட்டர் ஏற்றம். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம். 'சனி, ஞாயிறோடு ரெண்டு நாள் லீவு சேர்த்தா முடிச்சிடலாமே' என்று உங்களுக்குத் தோன்றலாம்.

இங்கேதான் கணக்கு தப்புகிறது. நடைக்கு ஒரு நாள் போதும். அந்த உயரத்துக்கு உடம்பு பழகத்தான் நாள் வேண்டும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப்வே அமைக்க 2025 மார்ச் 5 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் ரூ.2,730 கோடி. நாளொன்றுக்கு 11,000 பேரை ஏற்றிச் செல்லும் திறன். இப்போது ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் வருவதாக அரசு சொல்கிறது. சீசன் ஐந்து மாதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு சராசரியாக 1,000 முதல் 1,300 பேர். அதாவது, ரோப்வே முழுத் திறனில் ஓடினால் இன்றைய கூட்டத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் வரலாம்.

ரோப்வே தூரத்தைக் குறைக்கும். உயரம் அப்படியேதான் இருக்கும்.

எவ்வளவு உயரம்?

ஏரியின் உயரம் 4,329 மீட்டர் என்று ஓரிடத்தில் இருக்கும், 4,632 மீட்டர் என்று இன்னோரிடத்தில் இருக்கும். எதை எடுத்தாலும் 4,000-க்கு மேல்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். வெள்ளியங்கிரி ஏழாவது மலை 1,800 மீட்டரைக்கூடத் தொடாது. நீங்கள் தங்கப்போகும் காங்கரியாவே சுமார் 3,050 மீட்டர். 'வெள்ளியங்கிரி ஏறியாச்சு, இது என்ன பெரிசு' என்று சொல்பவரின் கால்களுக்குப் பயிற்சி இருக்கலாம். அந்த உயரத்துக் காற்று அவருக்கும் புதுசுதான்.

4,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்கே. ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்று இது ஆள் பார்ப்பதில்லை. உடல்தகுதி வேகத்தைக் கூட்டும். மலைநோய் வராமல் தடுக்காது.

அப்படியானால் எத்தனை நாள்?

மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. பகலில் எவ்வளவு மேலே போய் வந்தீர்கள் என்பதைவிட, இரவு எங்கே படுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். அதை வைத்துத் திட்டம் போட்டால்:

முதல் நாள்: டேராடூன் அல்லது ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட். நாள் முழுக்க சாலைப் பயணம். இரவு 1,900 மீட்டர் அளவில்.

இரண்டாம் நாள்: கோவிந்த்காட் வழியாக புல்னா வரை வண்டி. அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் நடந்து காங்கரியா.

மூன்றாம் நாள்: பூக்களின் பள்ளத்தாக்கு. சீசன் ஜூன் முதல் அக்டோபர் வரை. உடம்பு பழகவும் இந்த நாள் உதவும். இரவு மீண்டும் காங்கரியா.

நான்காம் நாள்: ஹேம்குண்ட்.

ஐந்தாம் நாள்: இறக்கம். கூடுதலாக ஒரு நாள் கையில் இருக்கட்டும்; மழைக்காலத்தில் நிலச்சரிவால் சாலை அடைபடுவது அங்கே வழக்கம்.

விமானப் பயணத்தையும் சேர்த்தால் ஒரு வாரம்.

அந்த நான்காம் நாள்

மலை நடைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். 6 கிலோமீட்டர், சுமார் 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றேகால் மணி நேரம் வரும். மெல்லிய காற்றையும் நம் பழக்கமின்மையையும் சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு ஏரி. ஒரு மணி நேரம் அங்கே. மூன்று மணி நேரம் இறக்கம். பிற்பகல் 2 மணிக்குக் காங்கரியா. ஏரிக்கரையில் இரவு தங்க முடியாது. பிற்பகலில் மேகம் திரண்டு வானிலை மாறுவது இமயத்தில் சகஜம். அதனால் மணி 11 ஆகிவிட்டால், ஏரி அடுத்த வளைவில் இருந்தாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே குழுவாக முடிவு செய்யுங்கள்.

இது வெறும் எச்சரிக்கை இல்லை. 2024 ஜூன் முதல் வாரத்தில், உத்தராகண்டின் சஹஸ்ர தால் ஏரிக்குப் போன, பெரும்பாலும் கர்நாடகாவைச் சேர்ந்த 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். மற்ற 13 பேர் மீட்கப்பட்டார்கள். ஜூன் மாதம், கோடைக்காலம்! ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். மழையில் நனைந்து, காற்றும் வீசினால் குளிர் அதைவிடக் கடுமையாக இறங்கும். ஒரு ரெயின்கோட், மாற்று உடை, கையுறை, தலைவிளக்கு — வெயில் அடித்தாலும் பையில் இருக்க வேண்டியவை இவை.

எப்போது திரும்ப வேண்டும்?

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ அசதியோ இருந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்க வேண்டும்; காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. 'டீம் காத்திருக்கே' என்று வலியை மறைப்பவர்தான் அந்த டீமுக்கே ஆபத்து. மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ரோப்வே வந்தால்?

மலைநோய் பொதுவாக மேலே போய் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும். சட்டென்று போய் இறங்கிவிடும் ஆரோக்கியமானவருக்கு அது சாதகம். ஆனால் ஏறத்தாழ 1,800 மீட்டரிலிருந்து நேராக 4,000-க்கு மேல் போய் இறங்கும் இதய, நுரையீரல் நோயாளிக்கு அந்தச் சில மணி நேரமே சோதனை. நடந்து ஏறுபவருக்கு முடியவில்லை என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிடும்; கேபினில் உட்கார்ந்து போகிறவருக்கு மேலே போனபின்தான் தெரியும். பலத்த காற்றால் ரோப்வே நின்றுபோனால், மேலே இருக்கும் கூட்டத்துக்குத் தங்குமிடமும் மருத்துவ உதவியும் வேண்டும். 11,000 என்ற எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அதுவரை, உங்கள் டிராவல் ஏஜென்ட் மூன்று நாள் பேக்கேஜ் அனுப்பினால், விலையைப் பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஏரிக்குப் போவதற்கு முன் காங்கரியாவில் எத்தனை இரவு? 'ஒன்று' என்று பதில் வந்தால், இன்னொன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்.