தொழிலாளியின் கை

பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று நகரங்களில் வீடு புதுப்பிக்கும் வேலை செய்கின்றனர். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, பால்வெட்டுக் கத்தி பிடித்த குடும்பங்கள் சுத்தியலைப் பிடித்தன. தொழில் மாறிற்று, கையை நம்பிப் பிழைக்கும் நிலை மாறவில்லை.

பழைய தரை ஓட்டைப் பெயர்ப்பது எளிய வேலையன்று. உடைந்த ஓட்டின் விளிம்பு கண்ணாடிச் சில்லைப் போல் வெட்டும். சில்லுகளை அரிசிச் சாக்கில் அள்ளித் தூக்கினால், முனை சாக்கைக் கிழித்துக் கையில் பாயும். தலை சிதைந்த உளியில் சுத்தியல் வழுக்கினால் விரல் நசுங்கும்.

கையுறை கேட்டால், "நாட்கூலிக்காரனுக்குக் கையுறையா?" என்று சிரிக்கும் குத்தகைக்காரர்கள் இருக்கின்றனர். இது சிரிக்கும் காரியமா? பாதுகாப்புக்காகச் சட்டப்படி தரவேண்டிய பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கலாகாது என்பது 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிடில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் 2024 ஜூன் 1 முதல் தொழிலாளிக்கு உண்டு.

சில்லை அள்ள வெறும் பருத்திக் கையுறை போதாது. வெட்டுத் தாங்கும் கையுறை வேண்டும். சுழலும் வெட்டுப் பொறியின் அருகிலோ தளர்ந்த கையுறை கூடாது. அது சிக்கிக் கையையே இழுத்துவிடும். சாக்கை விட்டு வாளியில் அள்ளுங்கள்.

தோழர்களே! காயம் பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வது வீரமன்று. விரல் மடங்கவில்லை, நுனி மரத்துப்போயிற்று என்றால், உள்ளே தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அசட்டையால் விரல் முடங்கினால், நாளைக்கு யார் வேலை தருவார்?

ஒரே ஓர் ஆளை வைத்து வேலை வாங்குபவரும் அவரைச் சொக்சோவில் பதிந்தாக வேண்டும். விபத்தை 48 மணி நேரத்திற்குள் அறிவிப்பது முதலாளியின் கடமை. விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு கிடைத்தால், கணக்கிடப்படும் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு உதவித்தொகை உண்டு. காயத்தை மறைத்தால் இந்த உரிமையும் மறைந்துபோகும்.

அன்றாடக் கூலி போய்விடுமே என்ற அச்சம்தான் வாயை அடைக்கிறது. அந்த அச்சத்தைத் தனி ஆள் வெல்ல முடியாது, சங்கம் வெல்லும். ஆகவே, நகரத்தில் சிதறிக் கிடக்கும் நம் பிள்ளைகளே, ஒன்று சேருங்கள். கையுறையைக் கேளுங்கள்; சொக்சோப் பதிவைக் கேளுங்கள். இது பிச்சையன்று, உழைக்கும் கைக்குரிய மரியாதை!