மூத்த சுவிட்சே தலைவரா?



'ஸ்பானிங் ட்ரீ என்றால் என்ன?' என்று வைவாவில் கேட்டால் நாம் எல்லாரும் ஒப்பித்துவிடுவோம். 'லூப் வராமல் தடுப்பது சார்!' அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாளை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் ஏதாவதோர் ஆலைக்குள் அப்ரண்டிஸாகப் போய் நிற்கப் போகிறோம். அது போதாது என்பது என் கட்சி.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று உற்பத்தி தொடங்கிய வட்டாரம் இது. இந்த மாதிரி ஆலைகளில் ரோபோவும் பிஎல்சியும் நெட்வொர்க்கில்தான் பேசிக்கொள்கின்றன. ஒரு கேபிள் அறுந்தால் லைன் நிற்கக்கூடாது என்று மாற்றுக் கேபிளும் போடுவார்கள். அங்கேதான் வினை! வழி இரண்டானால் வளையம் வந்துவிடும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு; ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. வளையத்தில் விழுந்த பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே அமுக்கிவிடும்.

இதற்கு 1985-ல் வழி கண்டவர் டெக் கம்பெனியில் இருந்த ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார். ஆரம்பத்தில் ஒவ்வொரு சுவிட்சும் 'நானே ரூட், நானே தலைவன்' என்று பிபிடியு என்னும் செய்தியை அனுப்பும், வழக்கமாக 2 நொடிக்கு ஒன்று. தன்னைவிடச் சிறிய அடையாள எண் காதில் விழுந்ததும் தன் பாட்டை நிறுத்திவிட்டு, 'அவர்தான் தலைவர். அவரிடம் போக எனக்கு இவ்வளவு செலவு' என்று அடுத்ததற்குச் சொல்லும். (நம் சங்கத் தேர்தலில் இப்படி யார் வாபஸ் வாங்குகிறார்கள்!) தலைவரிடம் போகச் செலவு குறைந்த வழி திறந்திருக்கும், மிச்சம் அடைபடும். கேபிளைப் பிடுங்குவதில்லை, ஏரி மதகு மாதிரி மூடி வைப்பதுதான். ஓடிக்கொண்டிருந்த வழி அறுந்தால் மதகு திறக்கும். பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 நொடி ஆகும். 2001-ல் வந்த விரைவு முறையில் சில நொடியோ, அதற்கும் குறைவோ.

சரி, தலைவர் யார்? அடையாள எண்ணின் முன்பகுதி பிரியாரிட்டி. யாரும் கை வைக்காவிட்டால் எல்லாவற்றிலும் 32768. அப்போது மேக் முகவரி சிறியது ஜெயிக்கும். பல சமயம் அது பழைய சுவிட்சாக இருக்கும்! ஸ்டோர் ரூம் மூலையில் தூசி படிந்த கிழட்டு டப்பா, ஆலை முழுவதற்கும் தலைவர். ஒழுங்காக ஓடும்வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த நெட்வொர்க் ஸ்பானிங் ட்ரீயின் எல்லையைத் தாண்டி, நாள்கணக்கில் முடங்கியது. டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். ஷெட் ஷெட்டாக வளரும் ஆலைக்கும் இது வரலாம். வந்தால், 'நேத்து யார்ரா கேபிள் சொருகினது?' என்ற கேள்வி புதுசாகச் சேர்ந்த டிப்ளமோ பையனைத்தான் முதலில் தேடி வரும்.

ஆகவே நம் லேபுக்கு மூன்று மேனேஜ்டு சுவிட்ச் கேட்கிறேன். பழசானாலும் பரவாயில்லை. கல்லூரி நெட்வொர்க்கோடு சேர்க்காமல் முக்கோணமாக இணைத்து, ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தி, விளக்குகள் வெறி பிடித்தாற்போல் மின்னுவதை நாமே பார்க்க வேண்டும். பிறகு ஒன்றுக்கு மட்டும் பிரியாரிட்டி 4096 கொடுத்து, நாம் சொன்னதே தலைவராவதையும் பார்க்க வேண்டும். படம் வரைந்து மார்க் வாங்குவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.