எனக்கு முடியலையா, என்னால முடியலையா?

நம்ம வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "முடியலடா" சொல்கிறோம்? செமினார் என்றால் முடியல. அசைன்மென்ட் என்றால் முடியல. பிரியாணி என்றால் மட்டும் எல்லாருக்கும் முடிகிறது!

என் சண்டை சோம்பேறித்தனத்தோடு இல்லை மக்களே. (நானும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.) ஒரு நல்ல சொல்லை நாசம் பண்ணுகிறோமே, அதோடுதான்.

"என்னால முடியல" என்றால் அந்த வேலை நம் சக்திக்கு மீறியது. "எனக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை. "மாட்டேன்" என்றால் மனசில்லை. பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று ராகம் போட்டு ஒப்பித்தோமே, அந்த 'ஆல்' போய் 'கு' வந்தால் ஆளே நோயாளி. நாம் என்ன செய்கிறோம்? முன்னால் இருக்கும் சொல்லை விழுங்கிவிட்டு வெறும் "முடியல" என்கிறோம். 'மாட்டேன்' சொல்லத் தைரியம் இல்லை. கேட்கிறவர் உடம்புக்கு ஏதோ என்று நினைத்துக்கொள்ளட்டுமே!

எங்கள் மதுரைப் பக்கம் "மேலுக்கு முடியல" என்பார்கள். மேல் என்றால் உடம்பு. காய்ச்சல் இருக்காது, தெர்மாமீட்டரில் ஒன்றும் தெரியாது, ஆனால் ஆளை நிற்க விடாது. அந்த நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது. 'மேலுக்கு' என்றால் ஒப்புக்கு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. நாம் சொல்வது அந்த மேலுக்கு.

போன மாதம் ஒரு காலையில் அம்மா "மேலுக்கு முடியலடா" என்றார். செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் "சரிம்மா, டிபன் என்ன?" என்றேன். தோசை வந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அடுப்படித் தரையில் முந்தானையை விரித்துப் படுத்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் மட்டும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நான் 4 தடவை "முடியல" போட்டிருந்தேன்.

மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும் என்று ஒரு நண்பன் வாதாடினான். மாறட்டும் ராசா. ஆனால் செலவு செய்வது நாம், பற்று எழுதுவது அம்மா கணக்கிலா? காமர்ஸ் படிக்கிற பயல்களுக்கு இதுகூடவா புரியாது?

கல்லூரி மட்டும் ஒழுங்கா? ஒருமுறை லீவ் லெட்டரில் "மேலுக்கு முடியவில்லை" என்று உண்மையை எழுதினேன். "காய்ச்சல்னு மாத்தி எழுதிட்டு வாப்பா" என்றார்கள். பொய்யை எழுதிய பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நோய்க்கு 12 நாள் விடுப்பு, தற்செயல் விடுப்பு தனியாக 12 நாள். உடம்புக்கு முடியாதது வேறு, மற்ற காரணம் வேறு என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த செமினாருக்கு என் பேரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று "மாட்டேன் சார்" என்று சொல்வதாக இருக்கிறேன். செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொள்வேன், தெரியும்.